நீரில்லாத கடலில் நான்கு தட்டு

ஆழத்தையே அலுவலகமாக்கிக்கொண்ட மூழ்குநர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தமக்குரிய நேரத்தையும் எனக்கே தாரை வார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! காது மந்தமானாலும் கடலின் பேச்சு மட்டும் இன்னும் கேட்கிறது என்று சாதிக்கும் மூத்த மூழ்குநர்களே! படகில் அமர்ந்து கயிறு பிடிக்கும் அதே கையால் குடும்பத்தையும் கவிழாமல் பிடித்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் மண்டபத்தின் சுவரைத் தாங்கி நிற்கும் தம்பிமார்களே! இறங்கியவர்களில் ஏறி வராதவர்களுக்காக உங்கள் சங்க வழக்கப்படி முன்வரிசையில் காலியாக விட்டிருக்கிறீர்களே, அந்த ஒற்றை நாற்காலியே! எல்லோருக்கும், மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் இரும்பு அறையை இயக்குகிறவளின் வணக்கம்.

அழுத்த ஆக்சிஜன் அறை என்பார்கள் அதை. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நேரில் பார்த்த பிறகு பயந்துகொள்ளலாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சற்று நேரத்துக்குத்தான்.

படுக்கவைத்த தண்ணீர்த் தொட்டியைப் போல ஓர் உருளை. பக்கச் சுவரில் தடித்த வட்டக் கண்ணாடிகள். உள்ளே நீள இருக்கைகள், ஆளுக்கொரு முகமூடி. கதவைச் சாத்திக் காற்றை ஏற்றத் தொடங்கினால் தாழ்ப்பாளே தேவையில்லை. ஏறிய காற்றே கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இந்த மண்டபத்து ஆண்கள் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. என்ன அம்மா? நீங்கள் இழுத்தாலா? உங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை, ஆனாலும் திறக்காது.

அங்கே ஒரு சொட்டு நீர் இல்லை. ஆனால் உடம்பு ஏமாறும்! காது அடைக்கும்; எச்சில் விழுங்க வேண்டும். வெப்பம் ஏறும். சொந்தக் குரலே யாருடைய குரலோ போல ஒலிக்கும். அழுத்தத்தைக் குறைக்கும்போது குளிர் வரும், குளிரோடு பனிமூட்டம் வரும். எதிரே இருப்பவரின் முகம் மெல்ல மறையும். கண்ணாடி வழியே பார்க்கும் எனக்கே அந்த வெள்ளைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மறுபடி எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

எதற்கு இத்தனை பாடு? அழுத்தத்தில் சுவாசித்த ஆக்சிஜன் இரத்தத்தின் நீரிலேயே கரைந்து, சாதாரணக் காற்று எட்டாத இடங்களுக்கும் எட்டும். மூடிய அறையில் புகை குடித்து மயங்கியவர்களுக்குக் கொடுக்கிறோம். சர்க்கரை நோயால் ஆறாத கால்புண் சிலருக்கும் கொடுக்கிறோம். சர்வரோக நிவாரணியா? இல்லவே இல்லை. முகம் மினுங்கும், மூப்பு ஓடும் என்று ஆசை காட்டினால், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஆனால் மூழ்குநர்களே, உங்களுக்கு அது உயிர். ஆழத்தில் நீங்கள் சுவாசிக்கும் காற்று உடம்புக்குள் கரைகிறது. நிதானமாக ஏறினால் மூச்சோடு போய்விடும். விறுவிறுவென்று ஏறினால்? சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் உடம்புக்குள் குமிழி பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி. முதுகுத்தண்டில் பொங்கினால் கால் போய்விடும்.

அந்த வலிக்கு நீங்கள் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள்? "வலியை இறக்கி வச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கடலில் இறங்குகிறீர்கள்! இறங்கியதும் குமிழி சுருங்கும், வலி மாயும். ஏறியதும் மீண்டும் வலி. மூழ்குநன் வலியைச் சொல்வது வெட்கம் என்பதால், கயிறு பிடிக்கக்கூட ஆளைக் கூப்பிடாமல் தனியாக இறங்குகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. மேடை நாகரிகத்துக்காக அதை அடக்கப்போவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலை. இளையவரை முக்குளிப்பான் என்றுதான் நீங்கள் கூப்பிடுவீர்கள். மூத்தவர் தோள்வலியை இறக்கி வைக்கப் போனார். கயிறு பிடிக்க ஆளில்லை. வலி இறங்கியதோ இல்லையோ, அவர் ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

பிறகு இளையவருக்கும் வலி வந்தது. அவர் மனைவி கேட்டார், "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

அவர் சொன்ன பதிலை அந்த அம்மாவே பிறகு எனக்குச் சொன்னார்.

"இது நோவு இல்ல. அண்ணன் இழுக்கிறாரு. மேல வந்தா இழுக்கிறாரு, கீழ போனா விட்டுடுறாரு. அவருக்கு அங்க தனியா இருக்கப் பிடிக்கல."

யோசித்துப் பாருங்கள்! கரையில் வலி, கடலில் நிம்மதி. வீட்டில் துடிப்பு, ஆழத்தில் அமைதி. செத்த அண்ணன் கூப்பிடுகிறான் என்று தோன்றாமல் வேறென்ன தோன்றும்? குமிழி செய்த வேலைக்குக் கூடப்பிறந்தவன் பழி சுமந்தான்.

ஒரு காலையில் கண்விழித்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போதும், "என்னைத் தூக்கிட்டுப் போய்க் கடல்ல விடுங்க" என்று கெஞ்சினார். நண்பர்கள் தூக்கவும் தயாரானார்கள். அந்த அம்மா வாசலை மறித்து நின்றார்.

"ஒருத்தரைக் குடுத்தாச்சு. இவரைத் தர மாட்டேன். வண்டியை எடுங்கடா!"

அவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். பருத்தி உடை மாற்றினோம். தலையிலும் தோளிலும் பூசியிருந்த எண்ணெயைக் கழுவித் துடைத்தோம், ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தீயாகும். துணைக்கு ஒரு செவிலியர் தம்பி உள்ளே போனார். காற்றை ஏற்றினேன். வலி ஓடியது! சிறிது நேரத்தில் கால் விரல் ஒன்று அசைந்தது. அந்த அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார்.

இனி, ஆழத்திலிருந்து மேலே கொண்டுவருவதுபோல் அவரை மெல்ல ஏற்ற வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கினேன். பனிமூட்டம் எழுந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"மேல ஏத்தாதீங்க. அண்ணன் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு."

முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். ஆக்சிஜன் இல்லாமல் ஏற்றினால் குமிழி மறுபடி தண்டுவடத்தில் பொங்கும். அசைந்த விரல் இனி அசையாது. அங்கேயே நிறுத்தினேன். மருத்துவர் மைக்கில் சொன்னார்: "ஐயா, அங்க யாரும் இல்ல. முகமூடியைப் போடுங்க." யார் கேட்பது? செவிலியர் தம்பி மல்லுக்கட்டினார், முடியவில்லை.

அப்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "தட்டுறதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. தொலைபேசி பழுதானால் தட்டிப் பேசுவதற்கென்று அறைப் பக்கத்தில் ஒரு மரச்சுத்தியல் தொங்கும். எடுத்துக் கொடுத்தேன். படகில் அவருக்குக் கயிறு பிடித்தவர் அந்த அம்மாதான். உங்கள் கயிற்றுச் சட்டம் எனக்கு அன்றுவரை தெரியாது. நான்கு இழுத்தால் ஏறி வா. கேட்டவன் ஓர் இழுப்பில் பதில் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டையானாலும் நான்குக்கு மறுபேச்சில்லை.

தட்டினார். டொக். டொக். டொக். டொக்.

இரும்பு அதிர்ந்தது. உள்ளே மல்லுக்கட்டு நின்றது. மனம் எங்கே மிதந்தாலும் மூழ்குநனின் கை மறக்குமா? உள்ளிருந்து பதில் வந்தது. டொக். ஒன்று. செவிலியர் தம்பி சட்டென்று இரு கையாலும் முகமூடியைப் பொருத்தி அழுத்திப் பிடித்தார். நோயாளியின் இரண்டு கைகளும் மடியில் இறங்கின.

அதன் பிறகுதான் இன்னொரு பதில் வந்தது. டொக். எதிர்ப்பக்கத்து இருக்கையிலிருந்து.

அங்கே யாரும் இல்லை. குளிரும்போது இரும்பு சுருங்கி ஓசை எழுப்பும்; என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன், பொறியாளரும் அதைத்தான் சொன்னார். அந்த அம்மா மட்டும் சுத்தியலை மார்போடு அணைத்துக்கொண்டு, "மெதுவா ஏத்துங்கம்மா, ரெண்டு பேரும் வராங்க" என்றார்.

நான் மெதுவாக ஏற்றினேன். அவ்வளவு மெதுவாக என் வேலையில் நான் எவரையும் ஏற்றியதில்லை.

முக்குளிப்பான் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கோலை ஊன்றித் தம் காலாலேயே நடந்து வந்தார். கை தட்டுங்கள்! அவருக்கு மட்டும் போதாது, வாசலை மறித்த அந்த அம்மாவுக்கும் தட்டுங்கள்!

தோழர்களே, ஆழம் உங்களைக் கூப்பிடுவதாகத் தோன்றினால், அது குமிழியின் குரல். வலியைச் சொல்வது வெட்கமா? மனைவியைக் கரையில் விட்டுவிட்டுக் காணாமல் போவதல்லவா வெட்கம்! கடலில் இறக்கி வைக்காதீர்கள் உங்கள் வலியை. எங்கள் கதவில் இறக்கி வையுங்கள். நீரில்லாத கடலொன்றை உங்களுக்காக வைத்திருக்கிறோம். அதில் கயிறு பிடிக்க எப்போதும் ஆளிருக்கிறது.

விடைபெறுமுன் ஓர் உறுதிமொழி. இந்த மேசையை நான் நான்கு முறை தட்டுகிறேன். வலியை மறைக்க மாட்டேன், தனியே இறங்க மாட்டேன் என்பவர்கள் நாற்காலிக் கையில் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள்.

டொக். டொக். டொக். டொக்.

ஆகா! மண்டபமே அதிர்கிறது! இந்த ஓசை போதும் எனக்கு. போதும், நிறுத்துங்கள். நன்றி.

தலைவர் அவர்களே, எல்லோரும் ஓய்ந்த பிறகு முன்வரிசையில் ஒரு தட்டு கேட்டதே, உங்களுக்கும் கேட்டதா? அந்த நாற்காலிக்கு அருகில் யாரும் இல்லையே?

சரி, இருக்கட்டும். மரமும் சுருங்கும்.

ஆனாலும் அந்த நாற்காலியில் இருக்கும் ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் மெதுவாக ஏறி வாருங்கள், கயிற்றை நாங்கள் விடவில்லை. வணக்கம்.