பெட்டி கட்டியவரும் பல்ப் தேடியவரும்

அவைக்கு அச்சாணியாய் அமர்ந்து, ‘பத்தே நிமிடம்’ என்று சீட்டெழுதி என் கையில் திணித்திருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்து மேடையை மேற்பார்வை செய்யும் மூத்தோர்களே, தொட்டிலையும் ஆட்டி, தொழிலையும் நடத்தி, இடையில் எங்களையும் சமாளிக்கும் தாய்மார்களே, தாய்மார் தொழில் விழா என்றால் சாப்பாடு தரமாக இருக்கும் என்று தப்பாமல் கணித்துத் தவறாமல் வந்திருக்கும் தந்தைமார்களே, நான் எவ்வளவு ஓங்கிப் பேசினாலும் என் குரலைத் தாழ்த்தியே வைத்திருக்கும் ஒலிபெருக்கி அண்ணன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் உள்ளத்தின் ஊற்றுக்கண்ணிலிருந்து வணக்கம்.

இன்று பேச வேண்டியவர் என் மனைவி. அழைப்பிதழிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. நேற்று வந்து, “ஏங்க, நாளைக்கு எனக்கு ரெண்டு வீடு இருக்கு. நீங்க போய்ப் பேசிட்டு வாங்க. பேசத்தான் உங்களுக்கு நல்லா வரும்” என்றார். அது பாராட்டா, புகாரா என்று இந்த நிமிடம்வரை எனக்கு விளங்கவில்லை.

தலைப்பு, ‘தாய்மாரைத் தொழில் தொடங்கத் தூண்டுவது எது?’ ஆற்றலா? ஆர்வமா? அசைக்க முடியாத ஆசையா? அறிஞர்கள் ஆயிரம் சொல்லட்டும். என் வீட்டைப் பொறுத்தவரை முதல் தூண்டுகோல் உங்கள் முன்னால் நின்று கொண்டிருக்கிறது. கைதட்டாதீர்கள். முழுவதும் கேட்டால் வருத்தப்படுவீர்கள்.

நான் சாலை அளக்கும் அலுவலர். எங்கே சாலை வருகிறதோ, அங்கே எனக்கு டிரான்ஸ்ஃபர் வரும். ஒன்பது ஆண்டில் ஆறு வீடு. முதல் தடவை பெட்டி கட்டும் பொறுப்பை நானே ஏற்றேன். ஏற்றதோடு நிற்காமல், புதுவீட்டுச் சாவி பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பெட்டிக்குள் போட்டு, அதன்மேல் நாலு சுற்று டேப் ஒட்டினேன். மொத்தம் முப்பத்தொரு பெட்டி. எந்தப் பெட்டி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு என் மனைவியும் அதைத்தான் கேட்டார். புதுத் தெருவில், புது மனிதர்கள் பார்க்க, நடுவெயிலில் பெட்டி பெட்டியாய்ப் பிரித்தோம். எங்கள் தலையணையின் தரம்வரை அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தேழாவது பெட்டியில், என் காலுறைக்குள் சாவி கிடைத்தது.

அன்றோடு என் பதவி பறிபோனது. அடுத்த ஐந்து வீட்டையும் அவரே கட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டியல். அதில் ஒரு பெட்டிக்கு மட்டும் ‘முதல் பெட்டி’ என்று பெயர். லாரியில் கடைசியாக ஏறும், முதலில் இறங்கும். சோப்பு, துண்டு, கத்தரிக்கோல், பல்ப், ஃபிளாஸ்க், குழந்தையின் பால்புட்டி என்று முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கும். நான் ஒரு வாரம் முன்னதாகவே போய், லாட்ஜில் தங்கிப் பொறுப்பேற்றுக்கொள்வேன். அவர் இரண்டு பிள்ளைகளோடும் லாரியோடும் காலையில் வந்து இறங்குவார். நான் மாலையில் அலுவலகம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் திரைச்சீலை தொங்கும், விளக்கு எரியும், டீ வரும். வீடு தானாகவே அமைந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். முன்வரிசையில் ஒரு ஐயா தலையைக் குனிகிறார். ஐயா, குனிய வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.

ஆறாவது வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவர் ஒரு நிறுவனத்தில் இன்டர்வியூவுக்குப் போனார். அதிகாரி கேட்டாராம், “ஒன்பது வருஷமா என்னம்மா பண்ணீங்க?”

“ஆறு வீடு மாத்தினேன் சார்.”

“அது சரிம்மா. வேலைன்னு என்ன பண்ணீங்க?”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். ஒரு கணவன் பொங்கி எழ வேண்டிய பொன்னான நேரம் அது. நானும் எழுந்தேன். எழுந்து, “விடும்மா, அவர் கிடக்கிறார். என் சாம்பல் கலர் சட்டை எங்க?” என்று கேட்டேன்.

“கொடியில” என்றார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம். அங்கே ஒரு டீச்சர். கணவருக்குக் கப்பலில் வேலை. கையில் மூன்று மாதக் குழந்தை. வீட்டை விற்றாகிவிட்டது, இரண்டு நாளில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் உரிமையாளர். பாத்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். என் மனைவி போனார். ஏன் அழுகிறாய் என்று கேட்டாரா? இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றினாரா? இல்லை. “டேப் இருக்கா?” என்று கேட்டார்.

மாலைக்குள் வீடு பெட்டிக்குள் போனது. மறுநாள் வேறு வீட்டில் இறங்கியது. அன்று பிற்பகல் போன் வந்தது. “அக்கா, முதல் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்துச்சு. குழந்தை தூங்கிட்டான். நானும் தூங்கப் போறேன்.”

போனை வைத்துவிட்டு என் மனைவி ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் சொன்னார், “வீடு மாறின அன்னைக்கே ஒருத்தி தூங்குறா. எனக்கு அது ஒரு தடவைகூட நடந்ததில்லை.”

தாய்மார்களே, தொழில் தொடங்கியது அந்த ஜன்னலோரத்தில்தான். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. “பெட்டி கட்டுறதெல்லாம் ஒரு தொழிலா?” என்று கேட்டேன். ஒரே ஆண்டில் ஐந்து தாய்மார் சேர்ந்தார்கள். கண்ணால் பார்த்தே அலமாரியின் அளவைச் சொல்லும் தையல்கார அம்மா ஒருவர். கண்ணாடிப் பொருளைக் கைக்குழந்தைபோல் சுற்றும் செவிலியர் ஒருவர். ‘முதல் பெட்டி’ என்றே பெயர்ப்பலகை ஏறியது.

அப்போது எனக்குப் பிரமோஷனோடு டிரான்ஸ்ஃபர் வந்தது. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன்.

“எத்தனை நாள்ல போகணும்?”

“பத்து நாள்.”

“சரி. போயிட்டு வாங்க.”

“போயிட்டு வாங்கன்னா? நீ?”

“எனக்கு இந்த மாசம் பதினோரு வீடு இருக்குங்க.”

பதினோரு வீடு. எனக்கு இருந்தது ஒன்றுதான், அதிலும் என் சட்டை எங்கே என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் வீராப்பு விடுமா? “ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம், நானே கட்டிக்கிறேன்” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டேன். ஆறு சட்டை, ஒரு குடை, ஒரு சதுரங்கப் பலகை, எனக்கு வந்த பாராட்டுச் சான்றிதழ். கட்டினேன், கிளம்பினேன்.

மாலையில் புது வீட்டைத் திறந்தேன். சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன், பல்பே இல்லை. போன் போட்டேன்.

“பல்ப் எங்க இருக்கு?”

“கடையில இருக்கும்.”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பல்ப் கொடுத்தார். “வீட்டுல யாரும் வரலையா சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தார். பல்பை மாட்டினேன். வெளிச்சம் வந்தது. சுவரில் யாரோ பிடுங்கிய ஆணிகளின் ஓட்டை. மூலையில் தூசி. பேசினால் எதிரொலிக்கும் வெறுமை. சான்றிதழை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

ஆறு வீடு மாறியவன் நான். அந்த முதல் வீட்டுக்குப் பிறகு ஒரு வெற்று வீட்டையாவது நான் பார்த்திருந்தேனா? பார்க்கவே விடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒன்று, விரலில் ஒன்றாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, இதே வெறுமைக்குள் ஐந்து முறை தனியாக நுழைந்தவர் அவர். வேலை என்று என்ன பண்ணீர்கள் என்று அவரைக் கேட்டது அந்த அதிகாரி ஒருவர்தானா? சட்டையைத் தேடியபடி நானும் அல்லவா கேட்டேன்?

எட்டு மாதம் தாங்கினேன். பிறகு பழைய பதவிக்கே திருப்பி அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்தேன்.

“பிரமோஷனை விட்டுட்டா? என்ன காரணம்?”

“குடும்பத் தொழில் சார்.”

“என்ன தொழில்?”

“வீடு மாத்துறது சார்.”

“அதுக்குத்தானே டிரான்ஸ்ஃபரே கொடுத்தோம்?”

இருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர். ஊர் திரும்ப, இந்த முறை முறைப்படி ‘முதல் பெட்டி’ அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்தவர் என் மனைவி. என் குரல் தெரிந்தும் தெரியாததுபோலக் கேட்டார்.

“வணக்கம். எத்தனை பேர் மாறுறீங்க?”

“ஒருத்தர்.”

“உடையுற பொருள் ஏதாவது இருக்கா?”

“நான்தான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, மேல எழுதி ஒட்டிடுறோம்” என்றார்.

ஆகவே, அவையோரே, தூண்டுவது எது? துணிவா? தூண்டும். தேவையா? அதுவும் தூண்டும். ஆனால் தான் பட்ட பாடு இன்னொருத்தி படக்கூடாது என்ற தவிப்பு இருக்கிறதே, அது தூங்கவிடாது. தாய்மார்களே, யாரும் பார்க்காமல் நீங்கள் செய்து முடிக்கும் வேலை எதுவோ, அதைச் செய்ய ஆளில்லாமல் இந்த நேரத்தில் எங்கோ ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அது தொழிலா என்று கேட்க எங்களைப் போன்றவர்கள் எப்போதும் இருப்போம். காத்திருக்காதீர்கள், எங்களுக்குப் புரியக் கொஞ்சம் காலமாகும்.

பொறுமையாகக் கேட்ட பேரவைக்கும், சீட்டை மூன்று முறை காட்டியும் சிரித்த முகம் மாறாத தலைவர் அம்மையாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. முடிவாக ஓர் அறிவிப்பு. இந்த மண்டபத்தில் நானூறு நாற்காலிகளை மடித்து அடுக்கியாக வேண்டும். தாய்மார்கள் எழுந்து போகலாம். தந்தைமார்கள் மட்டும் அப்படியே இருங்கள், நானும் இதோ இறங்கி வருகிறேன். வணக்கம்.