பீலித் தண்ணீரில் இருந்தவை

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம். மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். தீ மிதிக்க விரதமிருந்து மஞ்சள் சேலை கட்டியிருந்தவள் அழாத குறையாகச் சொன்னாள்:

"அக்கா, விரதத்துல கவிச்சி தின்னுட்டேன்."

"அடிப்பாவி! என்னத்தடி தின்னே?"

"தண்ணிதான் குடிச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டரய்யா இந்தப் பீலித் தண்ணி ஒரு சொட்ட பூதக்கண்ணாடியில காட்டுனாரு. உள்ளுக்குள்ள பொடிப்பொடியா உசுருங்க நெளியுது. ஒண்ணு என் கண்ணு முன்னாலயே ரெண்டாப் பிரிஞ்சு, ஆளுக்கொரு பக்கம் போயிருச்சு."

"சண்டையில்லாமப் பாகம் பிரிச்சிருக்கே!"

"சிரிக்காதீங்க. நான் எப்புடி தீ மிதிப்பேன்?"

"தண்ணியக் காய்ச்சிக் குடியேன்."

"அப்ப அது கறிக்கொழம்பாயிருமேக்கா!"

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவள் சற்று யோசித்தாள். "மாரியம்மனுக்கு அபிஷேகத் தண்ணி எங்கருந்து போகுது?"

"இந்தப் பீலியிலருந்துதான்."

"ஆத்தா ஒரு நாளாவது மொகத்தச் சுளிச்சாளா? அவ தலையில ஏறுனதுங்க உன் வயித்துல எறங்கக்கூடாதா?"

மஞ்சள் சேலைக்காரியின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். பிறகு நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, அதற்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"கெட்டியாப் புடிச்சுக்குங்க, மேடு ஏறப்போறோம்."