காந்தம் ஆடின பெட்டி

டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தீர்கள் பாருங்கள் டாக்டரம்மா, அதற்காகவே நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம். மற்ற இடத்தில் எல்லாம் கேட்காமலேயே ரெண்டு ஸ்பூன் போட்டுவிட்டு, அப்புறம் காலைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

பேர் ஜெபராஜ். வயது எழுபத்தொன்று. படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. இரும்புலியூரில் பழைய இரும்புக் கடை, நாற்பது வருஷம். இதெல்லாம் உங்கள் ஃபாரத்தில் முன்பே இருக்கிறது. ஆனால் ஃபாரத்தை யார் படித்தார்கள். இன்னொரு தடவை எழுதிக்கொள்ளுங்கள்.

ஹனீஃபா பாய் மாடம்பாக்கத்தில் எனக்கு அடுத்த வீடு. ஸ்கூல் பை தைக்கிறவர். முப்பது வருஷப் பழக்கம். ரெண்டு பேருக்கும் சர்க்கரை. எனக்கு வலது உள்ளங்காலில் புண், அவருக்கு இடது பெருவிரலுக்கு அடியில். உங்கள் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் மகள் ஷாயிஸ்தாதான் எங்கள் ரெண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி இங்கே கூட்டி வந்தாள்.

அன்றைக்கு மூன்று பேர் விளக்கம் சொன்னீர்கள். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் காந்த அலை எப்படிப் புண்ணை ஆற்றும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். என் காலை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. மெஷின் செய்த ஜாய்சன் தம்பி பெற்ற பிள்ளையைத் தடவுவதுபோல் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நீங்கள் புண்ணை ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். காந்தத்துக்கு ஒருத்தர், பெட்டிக்கு ஒருத்தர், புண்ணுக்கு ஒருத்தர். புண்ணுக்கு மேலே ஒரு ஆள் நிற்கிறானே, அவனுக்கு யாரும் இல்லை. பெரிய படிப்பு என்றால் அப்படித்தான் பிரித்துக்கொள்வார்கள் போல.

அப்புறம் நீங்கள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாதிப் பெட்டியில் காந்தச் சுருள் வேலை செய்யும், மீதியில் வெறும் பச்சை விளக்கு. யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியாது. முலாம் பூசின தகரத்தைப் பித்தளை என்று என் தலையில் கட்ட வந்தவன் எத்தனையோ பேர். ‘பாதி பித்தளை, பாதி தகரம், எது எதுன்னு எனக்கே தெரியாது, கையெழுத்துப் போடு’ என்று ஒருத்தனும் சொன்னதில்லை. போட்டோம். பாய் படித்துப் பார்க்காமலே போட்டார். அவர் சுபாவம் அது.

காலையும் சாயங்காலமும் முக்கால் மணி நேரம் காலில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பாய் வீட்டு ஹாலில் டிவி முன்னால் சேர்ந்தே உட்கார்ந்தோம். என் பெட்டி பதினாறாம் நம்பர், அவருடையது பதினேழு. நாலாம் நாள் அவர் சுவிட்சை அணைக்காமலே கழற்றி வைத்துவிட்டு அஸர் தொழ உள்ளே போனார். என் சட்டைப்பையில் எப்போதும் நூலில் கட்டின காந்தத் துண்டு ஒன்று இருக்கும். கடையில் எந்தச் சாமானையும் அதைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அவர் பெட்டி மேல் பிடித்தேன். சும்மா தொங்கியது. என் பெட்டி மேல் பிடித்தேன். ஆடியது. சுவிட்சை அணைத்தால் நின்றது, போட்டால் ஆடியது.

உங்கள் மூன்று பேருக்கும் தெரியாதது எனக்கு அரை நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. பெருமைக்குச் சொல்லவில்லை.

வேறு ஆளாக இருந்தால் நல்லது நமக்கு வந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பான். நான் யோசித்தேன். சோதனை எதை வைத்து? வேலை செய்யும் பெட்டியை வைத்து. அப்போ எலி யார்? நான். வெறும் விளக்கு யாரையும் ஒன்றும் செய்யாது. மறுநாள் பாய் தொழப் போன நேரத்தில், அடுப்பில் கொதித்த டீத்தண்ணி ஆவியில் காட்டி ரெண்டு நம்பர் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டினேன். பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பிறகு நான் எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஆனால், தெரிந்துகொண்டதாகவும் ஆச்சு. நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள். நான் தெரிந்த ஆளிடம் செய்தேன், அவ்வளவுதான்.

முதல் மாசச் செக்கப்பில் நீங்களே அளந்தீர்கள். ஒரு ரூபாய்க் காசு அகலம் இருந்த பாய் புண் மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. என்னுடையது பெருத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பாய் என் காலைப் பார்த்தார்.

“இன்னாப்பா ஜெபராஜு, உனுக்கு டூப்ளிகேட்டக் குத்துட்டாங்க போலக்கீது. என்னுத வேணா கட்டிக்கிறியா?”

“வேணாம் பாய். ரூல்ஸுன்னு ஒண்ணு கீதுல்ல.”

“ரூல்ஸ் கெடக்குது. கால் முக்கியமா, ரூல்ஸ் முக்கியமா?”

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் அஸர் நேரத்தில் மறுபடியும் ஸ்டிக்கரை உரித்தேன். கொடுக்கிறேன் என்றவரிடம் கேட்டே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கினால் காலம் பூரா நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் ஆரம்பத்திலேயே என் பேருக்கு வந்த பெட்டிக்கு.

பத்து நாளில் பாய் புண் ஈரம் கட்டியது. “காஞ்சிகினு வந்துச்சேப்பா, மறுபடியும் இன்னாத்துக்கு?” என்றார். ஆறுவதற்கு முன்னால் கொஞ்சம் ஈரம் கட்டும், டாக்டரம்மாவே சொன்னாங்க என்றேன். நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பேரைச் சொன்னால் நம்புவார்.

வாரா வாரம் புண்ணைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பாய்க்குக் கண் மங்கல், ரெண்டு பேர் படத்தையும் நான்தான் எடுப்பேன். மிளகு அளவில் இருந்தபோது எடுத்த படத்தையே மூன்று வாரமும் அனுப்பினேன். நீங்களும் மூன்று தடவை கட்டைவிரலைக் காட்டி ‘வெரி குட்’ போட்டீர்கள். ஒரே தலையணை உறை, ஓரத்தில் அதே டிவி ரிமோட். கடையில் ஒரு பழைய மோட்டாரைக்கூட நான் அதைவிடக் கவனமாகப் பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷாயிஸ்தா வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்றாள்.

“அங்கிள், அத்தா ரூம்ல ஒரு மாதிரி ஸ்மெல் வருது. லீவு போட்டு ஆஸ்பிட்டல் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“மருந்து வாடைம்மா அது. அடுத்த புதன் செக்கப்பு கீதுல்ல, நானே கூட்டினு போறேன். நீ லீவ வேஸ்ட் பண்ணாத.”

“நீங்க பக்கத்துல இருக்கிறதாலதான் அங்கிள் நிம்மதியா போயிட்டு வரேன்.”

அந்தப் புதனுக்கு எட்டு நாள் இருந்தது. அது மருந்து வாடை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கே இங்கே வந்திருந்தால் ரெண்டு பெட்டியையும் வாங்கிப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். என் புண்ணோ அப்போதுதான் மூடிக்கொண்டு வந்தது. நடுவில் நிறுத்தக்கூடாது என்று முதல் நாளே சொன்னது நீங்கள்தான்.

பாய் புதன் வரைக்கும் தாங்கவில்லை. திங்கட்கிழமை காய்ச்சல் ஏறி ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தீர்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றீர்கள். ஐந்தாம் நாள் பாய் ஜனாஸாவைத் தூக்கினார்கள். பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போனேன். கால் வலிக்கவில்லை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்டிக்கர் பழையபடி ஒட்டியிருக்கிறது, பெட்டிகள் அவரவர் நம்பரில் இருக்கின்றன. வாயைத் திறக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனால் நேற்று ஜாய்சன் தம்பி வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். பாய் செத்த பிறகு எந்த நம்பர் எது என்று பிரித்துப் பார்த்தீர்களாம். வெறும் விளக்கு கட்டின பாய்க்கு முதல் மாசம் நன்றாக ஆறியிருக்கிறதாம், நிஜம் கட்டின எனக்கு மோசமாகியிருக்கிறதாம். மெஷினில் விஷயம் இல்லை, ஆராய்ச்சியை மூடுகிறோம் என்றார். பேராசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாராம்.

அவரிடம் சொல்லுங்கள், மெஷின் நல்ல மெஷின். ஒரே மனுஷன், ஒரே கால். கட்டினோம், ஆறியது. கழற்றினோம், அழுகியது. மூன்று பேர் சேர்ந்து இத்தனை வருஷம் தேடின ஆதாரம் இது. பேர் போடச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஷாயிஸ்தாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்கிறீர்கள். சொல்லுங்கள். அவள் அத்தா கால் வீணாகப் போகவில்லை என்று தெரிந்தால் அவளுக்கும் ஆறுதல்தான். போலீஸும் வரட்டும், நான் எங்கே ஓடப்போகிறேன்.

அதுவரைக்கும் பதினாறாம் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் டாக்டரம்மா. இன்னும் மிளகு அளவு பாக்கி இருக்கிறது. கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். காந்தம் பையில்தான் இருக்கிறது, ஒரு தடவை பிடித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் யாரை நம்புவது.