மரிடாலன் வீதியில் நின்ற ஷெவர்லே

இரவு பன்னிரண்டரை. நோர்வேயில், மரிடாலன் வீதி. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் காடு... நடுவில் ஒரேயொரு லொறி. 2007 நவம்பர்.

நான் இவ்வளவும் சொன்னதுமே யோகராசா கத்தியைக் கீழே வைத்துவிட்டான். விடிந்தால் ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித விழா. ஹவுகன்ஸ்டுவா மண்டபத்துச் சமையலறையில் நாலு பேர் நெருக்கியடித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு மூட்டை கிடந்தது. நித்திரை வராமலிருக்கப் பேய்க்கதை கேட்டது உதயகுமாரி.

"கை தன்ரை வேலையைச் செய்யட்டும். வெங்காயம் நிண்டால் கதையும் நிண்டிடும்," என்றேன்.

இது என்னோடு வேலை செய்கிற டானியலின் மச்சான் அருட்செல்வத்துக்கு நடந்தது. பழுதாகி வழியில் நிற்கும் கார்களை ஏற்றிவரும் லொறி ஓட்டினான். நோர்வேக்காரரில் சிலருக்குப் பழைய அமெரிக்கக் கார் என்றால் உயிர். காரை ஏற்றும் பத்திரத்தில் மாடலைப் பிழையாக எழுதினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இவனோ கதவுத் தூணிலுள்ள தகட்டைப் பார்த்துச் சரியான பெயரைச் சொல்லிவிடுவான். அதனால் நடுச்சாமத்திலும் அவனைத்தான் எழுப்புவார்கள். பாவம், ஒழுங்காக நித்திரை கொண்டு வருடக்கணக்காகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அருட்செல்வம் நோர்வேக்கு வந்தது அண்ணன் எட்வேட்டின் பாஸ்போட்டில். பதினாறு வருடமாக இங்கே காகிதத்தில் அவன்தான் எட்வேட். உண்மையான எட்வேட் மன்னாரில், சண்டைக்குள். காகிதத்தில் இரண்டு எட்வேட் இருக்கமுடியாது; அவரை இங்கே கூப்பிடவேண்டுமென்றால் முதலில் இவன் பொலிசுக்குப் போய்த் தன் சொந்தப் பெயரைச் சொல்லவேண்டும். சொன்னால் குடியுரிமையே போகலாம். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தான். அண்ணன் போனில் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை... அதுதான் அவனை அரித்தது.

சரி. அந்த இரவு. பனி கலந்த மழை. ஓரமாக ஒரு கறுப்பு ஷெவர்லே, ஐம்பத்தேழாம் ஆண்டுக் கார். நவம்பரில் அந்தக் கார்களை எவரும் வெளியே எடுப்பதில்லை. வீதியில் போடும் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒரு நோர்வேக்காரக் கிழவர். தொப்பியில்லை. நனைந்த கம்பளி மணம்... அதற்குள்ளே ஏரிச் சேற்றின் மணம்.

காரின் பக்கத்தில் 'பெல் எயார்' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. அருட்செல்வம் கதவைத் திறந்து, டோர்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தான்.

"இது பெல் எயார் இல்லை," என்றான் அலுப்போடு. "டூ-டென். அதற்குக் கீழான மாடல். யாரோ பெல் எயாரின் எழுத்தையும் அலங்காரத்தையும் கழற்றி இதில் பூட்டியிருக்கிறார்கள்."

கிழவர் அவனையே பார்த்தார். "முப்பது வருடமாக எல்லோரும் பிழையாகத்தான் சொன்னார்கள்," என்றார். "சரியான பெயர் தெரிந்தால்தான் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகலாம்."

பிறகு கேட்டார். "உங்கள் பெயர்?"

சொல்லியிருக்கலாம். அவர் பொலிசுமில்லை, அலுவலகமுமில்லை. சொந்தப் பெயர் தொண்டைவரை வந்தது என்றுதான் டானியலிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் பதினாறு வருடப் பயம்...

"எட்வேட்."

"அது சரியான பெயரா?"

"ஓம்," என்றான். தமிழிலேயே சொல்லிவிட்டான். பிறகு அண்ணனின் முழுப்பெயர், பிறந்த திகதி எல்லாம் தானாக வந்தன. கிழவர் ஒவ்வொன்றையும் மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

காரைக் கட்டியேற்றும் கம்பியை இழுத்துவர லொறிக்குப் போனான். பத்து அடி இருக்காது. பின்னால் கதவு சாத்துகிற சத்தம்... டொக். இஞ்சின் சத்தமில்லை. திரும்பினான். வீதி வெறுமையாகக் கிடந்தது.

"அவ்வளவுதானோ?" என்றாள் உதயகுமாரி.

"பொறு பிள்ளை. எனக்கும் அவ்வளவோடை முடிஞ்சால் நல்லம்."

விடிய, மன்னாரிலிருந்து அண்ணி அனஸ்ரேசியா போன் எடுத்தா. அழுது முடிந்த குரல். அங்கே காலை ஐந்து மணிபோல் யாரோ வாசற் படலையில் நின்று கூப்பிட்டிருக்கிறார்கள். எட்வேட் எழுந்து போனார். திரும்பவில்லை. அங்கே ஐந்து மணியென்றால் இங்கே பன்னிரண்டரை. சண்டைக்காலம், ஆட்கள் காணாமல் போவது அங்கே புதிதில்லை. ஊரும் அப்படித்தான் சொன்னது.

அந்தக் கிழமையே அருட்செல்வம் பொலிசுக்குப் போனான். சொந்தப் பெயரைச் சொன்னான். விசாரித்தார்கள், எழுதினார்கள், கடைசியில் குடியுரிமையும் போகாமல் தப்பியது. அவ்வளவு காலம் பயந்தது அதற்குத்தான். இனி யாரைக் கூப்பிட?

யோகராசா கத்தியை எடுக்கவேயில்லை. நானும் கதையை நிற்பாட்டவில்லை.

அண்ணி போனில் சொன்ன ஒன்றை அவன் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தான். போன மாதம்தான் டானியலிடம் சொல்லி அழுதிருக்கிறான். அண்ணி சொன்னது இதுதான்:

"படலையிலை கேட்டது உம்மடை குரல். தம்பி வந்திட்டான் எண்டு சொல்லிக்கொண்டு, சேட்டும் போடாமல் ஓடினவர்."