செவ்வனே எழுதப்பெற்ற மனு

கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாளும் கணினியும் ஒரே நோயால் வருந்தும் என்பதைச் சமவெளியிலிருந்து வந்திருக்கும் காவல் ஆய்வாளராகிய தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மூடுபனி சன்னல் இடுக்கின் வழியே உள்ளே வந்துவிடும். தாள் நமத்துப்போகும், கணினி இயங்க மறுக்கும். ஆதலால் எங்கள் பல்கலைக்கழகத்தில் காலை ஏழரை மணிக்கே ஒருவர் வந்து, கணினிகளை இயக்கி, அவரவர் கணக்கில் நுழைந்து, சூடேற்றி வைப்பது வழக்கம். ஆசிரியர்கள் ஒன்பதரைக்கு வருவர். அவர்களே கடவுச்சொற்களைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தனர். பதினான்கு ஆண்டுகளாக அப்பணியைச் செவ்வனே ஆற்றிவந்தேன்.

என் பெயர் திருமலைச்சாமி. ஊர் பள்ளங்கி. அகவை நாற்பத்தொன்பது. தமிழ்த்துறையின் அலுவலக உதவியாளன். எட்டாம் வகுப்போடு பூண்டுத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவன். முப்பத்தாறாம் அகவையில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேறினேன். பின்னர் பன்னிரண்டாம் வகுப்பு, அஞ்சல்வழியில் இளங்கலை. அதன்பின் பணியாளர்க்கான சலுகையில் எங்கள் துறையிலேயே முதுகலை. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலின் உரைநடைப் பகுதிகளை மும்முறை படியெடுத்து எழுதிப் பழகியதால் அமைந்தது என் நடை. விடுப்பு விண்ணப்பம் முதல் காவல்நிலையப் புகார் வரை, வளாகத்தில் யாருக்கு எது வேண்டினும் என்னிடமே வருவர்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகம் ஆசிரியர், பணியாளர், மாணவர் அனைவர்க்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை வழங்கியது. கேட்டதை எழுதிக்கொடுக்கும் கருவி. யார், எந்நாளில், எந்நேரத்தில், என்ன கேட்டார் என்பது அவரவர் பெயரில் பதிவாகும். எந்த இடத்திலிருந்து கேட்டார் என்பது பதிவாகாது. இவ்வேறுபாட்டை அறிமுகக் கூட்டத்தில் நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டு அறிந்தேன்.

மறுநாள் பேருந்து ஓட்டுநர் ஞானவேல் தேநீர்க்கடையில் எல்லாரும் கேட்கும்படி கூறினார்.

"ஏலே திருமலை, ஒஞ் சோலி முடிஞ்சு போச்சுல்ல. போன்ல சொன்னா லீவு லெட்டரு அதுவா வந்து விழுகுது. அப்படியே ஒன்னைய மாதிரிதான் எழுதுது. படிச்சா ஒண்ணும் வெளங்கல."

எல்லாரும் சிரித்தனர். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் பணிக்குத் திரும்பினேன். அக்கருவியை நான் தொடவில்லை.

என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பு ‘பள்ளங்கி வட்டாரப் பூண்டுச் சாகுபடிச் சொற்கள்’. எண்பத்து நான்கு பக்கங்கள். இரண்டு ஆண்டு உழைப்பு. என் நெறியாளர் உதவிப் பேராசிரியர் சுசித்ரா. பழனியைச் சேர்ந்தவர், முப்பத்தோர் அகவையினர். துறையில் என்னை அண்ணன் என்று அழைத்தவர் அவர் ஒருவரே.

ஆய்வேடு கருவியால் எழுதப்பட்டது எனத் தேர்வுப்பிரிவின் சோதனை கூறிற்று. தொண்ணூற்றிரண்டு விழுக்காடு. பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வறிக்கையின் அடியில் சுசித்ராவின் கையொப்பம் இருந்தது.

"கையெழுத்துப் போடாம ஃபைல் நகராதுண்ணே. கோவிச்சுக்காதீங்க, நான் பேசுறேன்" என்றார் அவர்.

விசாரணைக் குழுவின் முன் என் கையெழுத்துக் குறிப்பேடுகள் பதினொன்றையும் வைத்தேன். தலைவர் ஒன்றைப் புரட்டினார்.

"ஸ்கிரீனைப் பாத்துக் கையால எழுதியிருக்கலாம்ல? நம்ம ரெகுலர் பசங்களே இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்க. நீங்க காபி கொண்டு வர்றவரு."

சுசித்ரா அக்குழுவில் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. நம்பியவர் நம்மைக் கைவிடும்போது பேரோசை எழும் என எண்ணியிருந்தேன். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. அவர் தம் பேனாவை மூடினார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பின் ஆறு காலை வேளைகளில் நான் செய்தது இது. ஏழே முக்கால் மணிக்கு அவர் கணக்கில் நுழைந்தேன். இடம் பதிவாகாததால் அவர் வீட்டிலிருந்தே கேட்டதாகக் கொள்வர். பருவத் தேர்வின் வினாத்தாளை அமைத்தவர் அவர். அது அவர் கணினியில் இருந்தது. ஒவ்வொரு வினாவாக அவர் பெயரில் கருவியிடம் கொடுத்து, தாரணி எழுதுவது போல விடை எழுதித் தருமாறு கேட்டேன். தாரணி பேத்துப்பாறையைச் சேர்ந்த மாணவி. தந்தை கூலி வேலை செய்பவர். அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. சுசித்ரா வினாத்தாளைக் கசியவிட்டதாகக் காட்ட ஒரு மாணவரின் பெயர் தேவைப்பட்டது. சுசித்ரா மிகுதியும் பாராட்டிய மாணவி அவர் என்பதால் எளிதில் நம்புவர். ஏழாம் நாள், பதிவுகளைச் சரிபார்க்குமாறு பதிவாளருக்குப் பெயரில்லா மனு ஒன்று அனுப்பினேன்.

விசாரணைக்கு என்னையும் அழைத்தனர். சுசித்ரா என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் வெள்ளனே வந்து நீங்கதானண்ணே என் சிஸ்டத்தைப் போடுவீங்க? நான் பாஸ்வேர்டு எழுதிக் குடுத்தேனே, அதைச் சொல்லுங்கண்ணே."

"சுவிட்ச மட்டும்தான் போடுவேங்க மேடம். அந்தச் சீட்டெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடுப்பது விதிமீறல் என்பதால், மற்ற ஆசிரியர் எவரும் தாமும் கொடுத்ததாகக் கூறவில்லை.

"இவருக்கு அந்த டூலையெல்லாம் தொடவே தெரியாதும்மா. இவரைப் போய் இழுக்கிறீங்களே" என்றார் தலைவர்.

முன்பு என்னை விசாரித்த அதே தலைவர்தான். இரண்டு மாதங்களுக்கு முன், அக்கருவியைக் கொண்டு நான் எண்பத்து நான்கு பக்கங்கள் எழுதியதாகத் தீர்ப்பளித்தவர். அதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை. சுசித்ரா என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். அவரைப் பணிநீக்கம் செய்தனர். தாரணியை நீக்கி, விடுதியைக் காலி செய்ய ஒரு நாள் கொடுத்தனர்.

ஒன்றைக் கூறாது விட்டுவிட்டேன். வாக்குமூலம் முழுமையாக இருத்தல் நன்று.

முதல் காலையில் நான் உடனே எதையும் தட்டெழுதவில்லை. அவர் கணக்கில் கிடந்த ஒரு கடிதத்தைப் படித்தேன். அது என் விசாரணைக்கு முந்தைய நாள் அவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்க்கு எழுதியது. அதில் இவ்வாறு இருந்தது: ‘இதைத் திருமலைச்சாமியே எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. செவ்வனே என்ற சொல் ஒரே பக்கத்தில் ஆறு முறை வருகிறது. பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போன்ற நடை. கருவி இதைவிட நன்றாகவே எழுதும். பாவம், உழைத்திருக்கிறார். பட்டத்தைக் கொடுத்துவிடலாம்.’

இதை நான் இருமுறை படித்தேன். அவர் எனக்காகப் பேசியிருக்கிறார் என்பது விளங்கியது. கடிதத்தை மூடிவிட்டு, முதல் வினாவைத் தட்டெழுதத் தொடங்கினேன்.

கடந்த மாதம் ஞாயிற்றுச் சந்தையில் தாரணியைக் கண்டேன். தாயாருடன் அமர்ந்து கேரட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, மேல்முறையீடு பண்ண பதினஞ்சு நாள்தான் கெடக்கு. ஒரு மனு எழுதித் தாங்கண்ணே. நான் எழுதுனா மறுபடியும் அந்தக் கருவின்னுதான் சொல்லுவாங்க. நீங்க எழுதுனா யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"எழுதித் தர்றேம்மா" என்றேன்.

"சுசித்ரா மேடம் பேரையும் சேத்துக்கங்க. அவங்க ஒண்ணுமே செய்யலண்ணே."

எழுதினேன். நான்கு பக்கங்கள், மூன்று நாள் உழைப்பு. ஐயா, என் வாழ்நாளில் அதைப் போன்று வேறொன்றை நான் எழுதியதில்லை. ஒரு சொல் மிகையில்லை. மனுக்களை இணையவழியில் மட்டுமே ஏற்பர் என்பதால் தாரணி அதைத் தட்டெழுதி அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ‘கருவியால் உருவாக்கப்பட்ட மனு ஏற்கத்தக்கதன்று.’ மறுமுறை எழுதக் காலம் இல்லை. தாரணி எனக்குத் தொலைபேசியில் நன்றி கூறினார். இனி என்ன செய்வது எனக் கேட்டார்.

அன்றே இங்கு வர முடிவுசெய்தேன். அநீதியை மனச்சான்றுள்ள எவரும் பொறுக்க இயலாது. சுசித்ரா குற்றமற்றவர், தாரணி குற்றமற்றவர், செய்தவன் நான். அதற்குரியதைச் சட்டம் செய்யட்டும். எனக்கு ஒரே வேண்டுகோள் உண்டு. கோடிட்ட தாள் நான்கும் ஒரு பேனாவும் தாருங்கள். அம்மனு முழுவதும் எனக்கு மனப்பாடம். தாங்கள் எதிரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எழுதிக் காட்டி, அடியில் என் பெயரை இடுகிறேன். எழுதியவர் யார் என்று அதன்பின் எவரும் ஐயுற இயலாது. தாரணியின் பெயர் வரும் இடங்களை விட்டுவிட்டாலும் நடை கெடாது.