ஸும்ரேதா வீட்டு ஒன்பதாவது கேள்வி

ரஃபெத்: அப்போ இன்னைக்கும் முடிவு பண்ணலையா, ஸும்ரேதா?

ஸும்ரேதா: பேரு, வயசு, புருஷன் இல்லை, பையன் வியன்னாவுல... எட்டு கேள்விக்கும் பட்டு பட்டுன்னு சொன்னேன்ல? இந்த ஒன்பதாவது மட்டும்...

ரஃபெத்: மக்கள்தொகைக் கணக்குத் தாள்ல, என்ன இனம்னு கேக்குது. ஒரே ஒரு வார்த்தை.

ஸும்ரேதா: அவ்வளவு லேசா? அந்தக் காலத்துல கணக்கெடுக்க வந்தப்போ எங்க தாத்தா 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதினாரு. அப்பா 'முஸ்லிம்'னு எழுதினாரு. அண்ணன் 'போஸ்னியாக்'ங்கிறான். ஒரே வீட்டுல ஒரே தட்டுல தின்னவங்க. நான் என்னன்னு எழுத? நீங்களே சொல்லுங்க வாத்தியாரே.

ரஃபெத்: சொல்லக் கூடாது. கணக்கெடுக்க வந்தவன் வாயைத் திறந்தா குத்தம்.

ஸும்ரேதா: இந்த நோவி பசார் ஊர்லயே பெரிய வாய் உங்களுது. நீங்க புவியியல் நடத்துறது கடைத்தெரு வரைக்கும் கேக்கும்.

ரஃபெத்: அது வேலை.

ஸும்ரேதா: இதுவும் வேலைதானே? பக்கத்து வீட்டு ஹாய்ரியாவைக் கால் மணி நேரத்துல எழுதி முடிச்சீங்களாம். எனக்கு மட்டும் மூணு வாரம், ஏழு தடவை.

ரஃபெத்: அவங்க காப்பி... கழனித்தண்ணி.

ஸும்ரேதா: மெதுவா. அவ காதுல விழப்போகுது.

ரஃபெத்: ...எங்க எழுந்திரிக்கிறீங்க?

ஸும்ரேதா: காப்பி வைக்க.

ரஃபெத்: இப்பத்தானே ரெண்டு குடிச்சோம்.

ஸும்ரேதா: இது மூணாவது.

ரஃபெத்: வேணாம். வயிறு சரியில்லை.

ஸும்ரேதா: வயிறு சரியில்லாமலா நான் சுட்ட கறி புரெக்கை ஒரு தட்டு தின்னு துடைச்சு வச்சீங்க?

ரஃபெத்: உக்காருங்க. வந்ததும் தர்ற காப்பி குடிச்சாச்சு, பேச்சுக் காப்பி குடிச்சாச்சு. மூணாவது வந்தா விருந்தாளி கிளம்பணும். எனக்குத் தெரியாதா?

ஸும்ரேதா: தெரியுதுல்ல. ஊரு பேசுது, வாத்தியாரே. பொண்டாட்டி போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆனவரு, பையைத் தூக்கிட்டு ஸும்ரேதா வீட்டையே சுத்துறாருன்னு. எழுதுங்க. எழுதிட்டுக் கிளம்புங்க.

ரஃபெத்: ...எழுத முடியாது.

ஸும்ரேதா: பேனா இல்லையா?

ரஃபெத்: தாளே இல்லை. பையில இருக்கறது பழைய பத்திரிகை. கணக்கெடுப்பு முடிஞ்சு பத்து நாளாச்சு.

ஸும்ரேதா: அப்போ இந்தப் பத்து நாளா எதுக்கு வந்தீங்க?

ரஃபெத்: நீங்க நாளைக்கு, நாளைக்குன்னீங்க. எனக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு. அப்படியே கடைசி நாளும் போயிடுச்சு. இந்த நாட்டுல நம்ம போஸ்னியாக் ஆளுங்க எத்தனை பேருன்னு தலையை எண்ணித்தான் நம்ம மொழியில பாடம் நடத்த விடுறாங்க. ஊரெல்லாம் அதைச் சொல்லிட்டு, ஒரு தலையை நானே விட்டுட்டேன். உங்க எதிர்ல உக்கார்ற ஆசையில. வெக்கமா இருக்கு. திட்டுங்க. மூணாவதையும் ஊத்துங்க, குடிச்சிட்டுப் போறேன்.

ஸும்ரேதா: உக்காருங்க, வாத்தியாரே. நான் போஸ்னியாக்னு சொல்ல எனக்கு யோசனை வேணுமா? நீங்க முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாளே நகராட்சி ஆபீசுக்குப் போய் என் கணக்கை எழுதிக் கொடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஆறு தடவை உங்களை வரவழைச்சது நான்தான்.