சூடேற்றத் தெரிந்தவள் ஆறவிடக் கற்ற கதை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அனலோடும் ஆவியோடும் அன்றாடம் மல்லுக்கட்டும் கொதிகலன் தோழர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! வெள்ளைத் துணியை வெளுத்து வெளுத்து விரல்நுனி வெளிறிப்போன சலவை ஆலைத் தாய்மார்களே! "இந்தம்மா எப்பம்மா முடிக்கும்?" என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் கடைசி வரிசைத் தம்பிகளே! எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அதைவிட முக்கியம், உங்கள் ஆலைக் கொதிகலனைக் கவனிப்பவனுக்கு அக்காள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஆவிக்குழாய் அளவு மீறிச் சூடானது. இணைப்பு பிய்த்துக்கொண்டது. என் தம்பியின் இடக்கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அனல் இருந்தது, ஆவி இருந்தது, அருகிலேயே ஆளும் இருந்தான். எச்சரிக்க வேண்டிய மணி எங்கே போனது? சுவரில்தான் இருந்தது! அதன் பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு அவன் கேட்டான்: "அக்கா, அவ்வளவு சூடு இருந்துச்சே! அதுலேர்ந்து துளி எடுத்து அந்த மணியைக் கத்த வெச்சிருக்கக் கூடாதா?"

என்ன கேள்வி அது! படித்த எனக்கு அது தோன்றியதே இல்லை. அதன்பின் அவன் கொதிகலன் அறைப் பக்கமே போகவில்லை. வீட்டில் அடுப்பு பற்றவைத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவான். அவனைப் பழைய ஆளாக்க வேண்டும். என் ஆராய்ச்சி அத்தனையும் அதற்காகத்தான்.

வெப்பமின் படலம் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிதாகப் பூசிய பூச்சு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்சாரம் தரும். ஆனால் பூசிய கையோடு அது உருப்படியாக வேலை செய்யாது. ஏன்? நீங்கள் இந்த அரங்கத்துக்குள் வந்தபோது எப்படி வந்தீர்கள்? முண்டியடித்து, முட்டிமோதி, கிடைத்த இடத்தில் நின்றீர்கள் அல்லவா? அணுக்களும் அப்படித்தான் குவிந்துகிடக்கும். நடுவே மின்சாரம் நடக்க வழியில்லை. உலையில் வைத்துப் பதமாகச் சூடேற்றினால் வரிசையாக அமரும், வழி பிறக்கும்.

யாரங்கே? "எங்களுக்குச் சூடா டீ குடுத்தா நாங்களும் உக்காருவோம்" என்கிறீர்களா? தருவார்கள் ஐயா, தலைவர் சிரிக்கிறார் பாருங்கள்!

இருநூற்றைம்பது பாகை வைத்தேன், கொஞ்சம் தேறியது. முந்நூறு வைத்தேன், நன்றாகத் தேறியது. ஆசை யாரை விட்டது? நானூறு வைத்தேன். பூச்சில் ஒரு பகுதி ஆவியாகிப் பறந்தே போய்விட்டது! சரி, முந்நூறுதான் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் பத்துப் படலத்தில் ஒன்று தேறும், ஒன்பது தேறாது. அதே பூச்சு, அதே உலை, அதே சூடு. பின்னே ஏன்? மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். "மாசக் கடைசிக்குள்ள ஆகலைன்னா உலையை வேற குழுவுக்குக் குடுத்துடுவேன்" என்றார் எங்கள் இயக்குநர்.

எங்கள் உலைக்காரர் ஒரு விசித்திரமான மனிதர். நோட்டுப் புத்தகத்தில் உலையின் சூட்டை எழுதுவார். கூடவே மழையை எழுதுவார், தன் பல்வலியை எழுதுவார், பஸ்ஸையும் எழுதுவார். ஒருநாள் அந்த நோட்டோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இதுவரைக்கும் தேறினது நாலே நாலு. நாலும் ஆபீஸ் பஸ் வராத நாள்ல செஞ்சது. பஸ்ஸுக்கும் படலத்துக்கும் என்னம்மா பகை?"

படித்தேன். "இன்னைக்கு பஸ் ரிப்பேர். உலையை அணைச்சிட்டு நாலுக்கே நடந்தாச்சு. படலம் மறுநாள் காலைல எடுத்தது." நான்கு இடத்திலும் அதே கதை!

மற்ற நாட்களில் என்ன செய்தேன் தெரியுமா? நாலு மணிக்கு உலையை அணைப்பேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே! நாலரைக்கே கதவைத் திறந்து, கொதிக்கக் கொதிக்கப் படலத்தை இடுக்கியால் உருவி வெளியே வைத்துவிட்டு ஓடுவேன்.

"பகை பஸ்ஸுக்கு இல்லண்ணே, எனக்குத்தான். நான்தான் ஆறவிடாம கெடுத்திருக்கேன்" என்றேன்.

உருப்பெருக்கியில் பார்த்தோம். திடீரென்று குளிர்ந்ததில் கண்ணாடி ஒரு விதமாகச் சுருங்க, பூச்சு வேறு விதமாகச் சுருங்க, படலம் முழுக்க நுண்ணிய விரிசல்! மின்சாரம் எப்படித் தாண்டும்? சூடேற்றுவது பாதி வேலை. மெல்ல மெல்ல, மூடிய உலைக்குள்ளேயே ஆறவிடுவது மீதி வேலை. அன்றுமுதல் விடியும்வரை உலையைத் திறக்கவில்லை. பத்துப் படலம் செய்தோம். பத்தும் தேறின!

அந்தப் படலங்களை உங்கள் ஆலை ஆவிக்குழாயில் பொருத்தினோம். குழாயின் சூடே மணிக்கு உயிர், சூடு அளவு மீறினால் அலறும். தம்பியைக் கூட்டிவந்தேன். வாசலிலேயே நின்றான்.

"அக்கா, இது பாதியில நின்னுடாதுல்ல?"

"நிக்கறதுக்கு இதுல பாட்டரியே இல்லடா. குழாய் சூடா இருக்கிற வரைக்கும் இது முழிச்சிட்டேதான் இருக்கும்."

குழாயிலிருந்து மணிக்குப் போகும் கம்பியைக் கண்ணால் தொடர்ந்தான். பிறகு உள்ளே போய், வெந்து தழும்பான அதே கையால் வால்வைத் திருப்பினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்?

சென்ற மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. குழாய் மறுபடி அளவு மீறியது. மணி அலறியது! என் தம்பி ஓடினான். வெளியே அல்ல தோழர்களே, உள்ளே! எரிபொருளை நிறுத்தினான், ஆவியைத் திறந்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த ஏழு பெண்கள், மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு நடந்தே வெளியே வந்தார்கள்.

அந்த ஏழு பேரும் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். அம்மா, கொஞ்சம் எழுந்திருங்கள். வெட்கப்படாதீர்கள், எழுந்திருங்கள். அவையோரே, எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒருவர்கூடக் குறையவில்லை!

இதற்குமேல் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முழுசாக வீடு திரும்புங்கள். வணக்கம்!